பூ கேட்கும் அறை

அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'இசைவறி மீயொலிப் பரிசோதனை'. அதை முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் நாய்க்கே வயசாகிவிடும். கோயம்புத்தூர்க்காரர்கள் ஒரே வாரத்தில் 'பூ கேக்கறது' என்று சுருக்கிவிட்டார்கள்.

கல்யாணம் பேசும்போதும் கிணறு வெட்டும்போதும் சாமியிடம் பூ கேட்பார்களே, அந்தக் கணக்குத்தான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, அப்புறம் எவரும் வாய் திறக்கக் கூடாது.

இங்கே சாமிக்குப் பதில் நாய். பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்ட நாயை ஊசி போட்டு அனுப்புவதற்கு முன்னால் அதனிடமே ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் சட்டம் வந்தது. வயிற்றைப் பார்க்கிற அதே ஸ்கேன் கருவிதான். மண்டையில் வைத்துப் பார்க்கிற மாதிரி அதற்குப் புதுசாக ஒரு முனை வந்திருந்தது. மூளைக்குள் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை அது திரையில் காட்டும். ஆசைப்படுகிற ஒன்று காதில் விழுந்தால் நடுவில் ஓர் இடத்துக்கு ரத்தம் குபுகுபுவென்று பாய்ந்து செம்மஞ்சளாக விரியும். அதுதான் பூ. மூன்று தரம் கேட்க வேண்டும். இரண்டு தரம் பூத்தால் சம்மதம்.

சிங்காநல்லூரில் ஒரு பிராணிகள் மருத்துவமனையில் இந்தப் பூ கேட்கும் அறையை நடத்துகிறவள் நித்யகலா. வயசு நாற்பத்திரண்டு. எட்டு வருஷமாக நாயும் பூனையுமாகக் கிடக்கிறவள். கருவியின் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. மனுஷன் பொய் சொல்வான், ரத்தம் பொய் சொல்லாது என்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அவளுடைய அப்பாவுக்குப் பூ கேட்கப் போகிறார்கள்.

ஆமாம், மனுஷனுக்கும்தான். போன வருஷம் சட்டத்தை நீட்டிவிட்டார்கள். வாய் பேச முடியாமல், தேற வழியில்லாமல் கிடக்கிறவர்களுக்குப் பிள்ளைகள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அவர்களிடமும் கேட்கலாம். பூத்தால் மறுநாள் காலையில் ஊசி. கலாவின் அப்பா ஆறுச்சாமி, டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து பேச்சும் போய், வலது பக்கம் முழுக்கப் போய், மூக்கில் குழாயோடு தம்பி கிருபாகரன் வீட்டில் படுத்திருக்கிறார்.

காலையிலேயே கிருபா போன் பண்ணிவிட்டான்.

"அக்கா, நாலு மணிக்கு வந்துருவீல்ல?"

"வந்தர்றேன்டா. அப்பா எப்படி இருக்கார்?"

"கட்டில் கம்பியத் தட்டிட்டே இருக்கார்க்கா. ஒன்றரை மாசமா இதே கதைதான். வாய நனைச்சு உட்டாலும் தட்டறார், திருப்பிப் படுக்க வெச்சாலும் தட்டறார். என்னத்துக்குன்னே தெரியல."

"அது நரம்புடா, தானாத் துடிக்கும். அதையே நெனச்சுட்டு ஒக்காந்திராத."

தெரிந்தவள் தெரிந்த மாதிரிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தண்டபாணியும் அவர் மனைவி ருக்குமணியும் கருப்பட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று வயசு நாட்டு நாய். பேருக்கேற்ற நிறம். வயிறு மட்டும் பானை மாதிரி உப்பியிருந்தது. கலா வயிற்று முடியை வழித்து, ஜெல்லைத் தடவி, ஸ்கேன் முனையை வைத்தாள். சாம்பல் நிறத் திரையில் மண்ணீரல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய கருந்திட்டு. டாக்டர் எஸ்தர் வந்து எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"கட்டி உடைஞ்சு உள்ளயே ரத்தம் கசியுதுங்கய்யா. ஆபரேசன் தாங்காது. இன்னும் ரெண்டு வாரம், மூணு வாரம். வலி இருக்கும். நீங்க சொன்னா பூ கேட்டுப் பாக்கலாம்."

தண்டபாணி மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தலையை ஆட்டினாள். "கேளுங்க. செல்லி குடுத்த மாதிரி இவனும் குடுத்துட்டா நிம்மதி" என்றாள்.

செல்லி அவர்களுடைய பழைய நாய். சட்டம் வந்த புதுசில் இதே அறையில், கலாவின் கையால் பூ கேட்டு அனுப்பப்பட்டது. கலாவுக்கு நினைவிருந்தது.

மண்டை முடியை ஒரு ரூபாய் அகலத்துக்கு வழித்து முனையைப் பொருத்திவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் கலாவின் குரலே கேட்டது.

"போலாமா?"

இந்தக் கேள்வி வந்த கதையைச் சொல்ல வேண்டும். கம்பெனிக்காரர்கள் கொடுத்த ஆங்கிலத் தாளில் 'கிளம்பத் தயாரா' என்கிற மாதிரி ஒரு வாசகம் இருந்தது. அதைத் தமிழில் நாய்க்குப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டும். 'சாவு' என்ற சொல்லைத் தங்கள் நாயின் காதில் போட எந்த வீட்டுக்காரரும் ஒப்பவில்லை. வாயில் வராதுங்க, வேண்டாமுங்க என்றார்கள். மற்ற சொற்களைக் கேட்டுவிட்டு நாய்கள் சும்மா படுத்திருந்தன. என்னென்னவோ சொல்லிப் பார்த்துக் களைத்துப்போய், கடைசியில் கலாதான் 'போலாமா?' என்று கேட்டுப் பார்த்தாள். அடேயப்பா! திரையெல்லாம் பூ. நூறு நாய்க்குத் தொண்ணூற்றாறு நாய் அதே பதிலைச் சொன்னது. எந்த மொழியிலும் இவ்வளவு தெளிவாகப் பதில் வரவில்லை என்று கம்பெனி ஒரு கேடயம் கொடுத்தது. அவள் குரலையே பதிவு செய்து தமிழ்நாடு முழுக்க அனுப்பினார்கள்.

பூனைகள் மட்டும் ஒன்றுகூடப் பூக்கவில்லை. "பூனைக்குத் திமிருடி, சாகறதுக்குக்கூட நம்ம பேச்சக் கேக்காது" என்று எஸ்தர் சிரிப்பார். நாயைப் பற்றி வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்கள். நன்றியுள்ள ஜீவன், எஜமானுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று அதுவே விலகிக்கொள்கிறது என்றார்கள். கலாவும் அதை நம்பினாள், பல பேரிடம் கண் கலங்கச் சொல்லியும் இருக்கிறாள்.

கருப்பட்டியின் திரையில் ஒன்றும் அசையவில்லை. இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரமும் கேட்டாள். ஒரு மொட்டுக்கூட இல்லை.

"அவனுக்கு அது தெரியாதுங்க கண்ணு" என்றாள் ருக்குமணி.

"தெரியாதுன்னா?"

"செல்லி இருந்தப்ப, காத்தால நடக்கக் கெளம்பறப்ப இவரு 'போலாமா'ம்பாரு. கயித்தக் கையில எடுக்கறதுக்குள்ள அது வாசக்கதவுகிட்ட நிக்கும். அத இங்க தாட்டி உட்ட பொறவு அந்த வார்த்தையச் சொன்னாலே எனக்கு அழுகாச்சி வந்துரும். அதனால இவன 'ரவுண்டு'ன்னு பழக்கிட்டோமுங்க."

சொன்னதுதான் தாமதம். கலா திரையைப் பார்த்தாள். பூத்திருந்தது.

கருப்பட்டி படுத்தபடியே வாலை ஒரு தரம் மேஜையில் அடித்தது. கலா குனிந்து அதன் காதருகே மெதுவாக "ரவுண்டு" என்றாள். மறுபடியும் பூ. அதே இடம், அதே அளவு.

பழைய பதிவுகள் எல்லாம் கருவியிலேயே இருந்தன. செல்லியின் பதிவைத் தேடி எடுத்துப் பக்கத்தில் போட்டாள். இடப்பக்கம் செல்லி, வலப்பக்கம் கருப்பட்டி.

தண்டபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"ஏனுங்க, ரெண்டும் ஒண்ணாட்டத் தெரியுதே."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப செல்லி... நடக்கத்தான் கூப்பிடறோம்னு நெனச்சுதுங்களா?"

கலா திரையை அணைத்தாள். ருக்குமணி நாயின் முதுகில் வைத்த கையை எடுக்கவில்லை. "பூ குடுத்துருச்சுன்னு மாலை போட்டு அனுப்பிச்சமே கண்ணு" என்றாள். "நெம்ப சந்தோசமா அனுப்பிச்சமே."

அவர்கள் கருப்பட்டிக்கு வலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். எஸ்தர் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த அறையில் மட்டும் இதுவரை பூத்த நாய்கள் முந்நூற்றுப் பதினாறு. நடக்கக் கூப்பிட்டதும் ஆசையாக ஓடி வந்த முந்நூற்றுப் பதினாறு நாய்கள். பூனையை யாரும் நடக்கக் கூட்டிப்போவதில்லை. அந்தச் சின்ன விஷயம் நாலு வருஷமாக ஒருத்தர் மண்டையிலும் உறைக்கவில்லை!

"எழுது கலா" என்றார் எஸ்தர். "இந்தச் சட்டத்தப் பாத்துக்கற கமிட்டிக்கு இன்னிக்கே எழுது. மொதக் கையெழுத்து நான் போடறேன். நாளைக்கே எல்லா ஊர்லயும் இந்த ரூமைப் பூட்டணும்."

கலா எழுதினாள். எழுதும்போது அழுதாள். எஸ்தர் கையெழுத்துப் போட்டார். கலா தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு எதற்கோ கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று பத்து. நாலு மணிக்கு அப்பாவிடமும் கேட்கப் போகிற அதே கேள்வி அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

முப்பத்தொரு வருஷம், காந்திபுரத்துக்கும் உக்கடத்துக்கும் நடுவில், ஒரு நாளைக்கு முந்நூறு தரமாவது "போலாம் ரைட்!" என்று கத்தின மனுஷன் அவர்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்பாவைப் படுக்க வைத்து, தலையில் முடியை வழித்து, ஜெல் தடவித் தயாராக வைத்திருந்தார்கள். டாக்டர் இளவழகன் அவளைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினார்.

"வாங்க மேடம். உங்க குரலத் தெனமும் கேக்கறோம், நேர்ல பாக்கறது இப்பத்தான்."

"டாக்டர், நிறுத்துங்க. அந்தக் கேள்வி தப்பு."

நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நாய்க்குச் சரிங்க மேடம். மனுசனுக்கு அர்த்தம் புரியாதா? போலாமான்னா போய்ச் சேரலாமான்னு தெரியாதா?"

"எங்கப்பா கண்டக்டர் சார்! போலாமான்னு கேட்டா அவருக்கு பஸ்தான் கெளம்பும்."

டாக்டர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அங்கீகரிச்ச கேள்வி இது ஒண்ணுதான். நீங்க எழுதிக் குடுத்தது. தேதியத் தள்ளணும்னா உங்க தம்பியும் கையெழுத்துப் போடணும்" என்றார்.

கலா தம்பியைப் பார்த்தாள். கிருபா அப்பாவின் காலடியில் நின்றிருந்தான். எலக்ட்ரிக் வேலைக்குப் போவதையே பாதியாகக் குறைத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்கிறவன்.

"முடியாதுக்கா."

"டேய், சொல்றதக் கேளுடா. அவருக்குக் கேள்வியே புரியாதுடா."

"நீ ஞாயித்துக்கெழம வந்து காலப் புடிச்சு உட்டுட்டுப் போயர்ற. முதுகுப் புண்ணுக்கு மருந்து வெக்கறப்ப அவரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நீ பாத்திருக்கியா? அவருக்குப் போதும்க்கா. எனக்குத் தெரியுது. மிஷின் சொன்னாத்தான் நீ நம்புவேன்னுதான் இங்கயே கூட்டிட்டு வந்தேன்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள்.

டாக்டர் பொத்தானை அழுத்தினார். நாலு வருஷத்துக்கு முந்திய கலாவின் குரல், கொஞ்சம் இளமையாக, கொஞ்சம் கொஞ்சலாக அந்த அறையில் ஒலித்தது.

"போலாமா?"

எந்த நாயிடமும் அவ்வளவு பெரிய பூவை அவள் பார்த்ததில்லை. திரையின் விளிம்பு வரைக்கும் விரிந்தது. அப்பாவின் இடது கண் அகலத் திறந்தது. ஒன்று ஆயிற்று. இன்னும் ஒன்று பூத்தால் நாளைக் காலையில் ஊசி.

கலா ஓடிப்போய் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது "போலாமா?" வந்து பூ விரியத் தொடங்கியதும் அவர் காதில் கத்தினாள்.

"ஓல்டான்! ஓல்டான்!"

படிக்கட்டில் ஆள் தொங்கும்போதும், யாராவது கடைசி நேரத்தில் இறங்க எழுந்திருக்கும்போதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அவர் கத்துகிற அதே கத்தல். பூ சட்டென்று சுருங்கி அணைந்தது.

"மேடம்! என்ன பண்றீங்க?"

"குடும்பத்துக்காரங்க தொட்டுப் பேசலாம். பன்னெண்டாவது விதி. அதையும் நான்தான் எழுதினேன்."

மூன்றாவது தரமும் கேட்டது. மூன்றாவது தரமும் கத்தினாள். திரை இருட்டாகவே இருந்தது. கருவி தன் பாட்டுக்கு எழுதிக் காட்டியது: இசைவு இல்லை. மறு பரிசோதனை ஆறு மாதம் கழித்து, நவம்பர் பதினொன்று.

டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, கருவியை அணைத்துவிட்டு வெளியே போனார். கலாவுக்கு மனசுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். அப்பாவைப் பிடுங்கிக் கொண்டுவந்துவிட்டாள். செல்லிக்குச் செய்யாததை அப்பாவுக்குச் செய்துவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், சிரித்தாள்.

கிருபா துண்டை எடுத்து அப்பாவின் தலையில் இருந்த ஜெல்லைத் துடைத்தான். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், பழகின கையால் நிதானமாகத் துடைத்தான்.

டங். டங்.

அப்பாவின் இடது கை கட்டில் கம்பியைத் தட்டியது.

"ஆரம்பிச்சுட்டார் பாரு" என்றான் கிருபா.

டங், டங். கொஞ்சம் இடைவெளி. டங், டங்.

நரம்புத் துடிப்பு என்றால் இப்படி எண்ணி எண்ணித் துடிக்காது. கலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கவனித்தாள். பள்ளிக்கூடத்துக்கு அப்பாவின் பஸ்ஸிலேயே போனவள் அவள். கூட்டம் நெரித்து விசில் ஊத முடியாதபோது அப்பா படிக்கட்டில் நின்று தகரத்தைக் கையால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து. ரெண்டு தட்டு என்றால் எடு.

"டேய் கிருபா. ரெண்டு தட்டுடா அது."

கிருபாவின் கை துண்டோடு நின்றது. அவனும் கண்டக்டர் மகன்தான். ஒன்றரை மாசம் பக்கத்திலேயே படுத்துக் கேட்டவன்.

"அப்பா" என்றாள் கலா. "நான் கலாதானே?"

டங், டங்.

"இவன் பேரு ராமசாமியா?"

டங். ஒன்றோடு நின்றது.

கருவி வேண்டாம், ஜெல் வேண்டாம், பூ வேண்டாம். மனுஷன் ஒன்றரை மாசமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கலாவுக்கு இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. அதற்கு வேறு சொல் கிடைக்குமா என்று தேடினாள். மூடி மறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்று காலையிலிருந்து பார்த்தாயிற்று. நாலு வருஷமாகப் பூ கேட்கும் அறையில் ஒரு தரம்கூட உச்சரிக்காத அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டி உருட்டி, கடைசியில் துப்புகிற மாதிரிக் கேட்டாள்.

"அப்பா, சாகணுமாப்பா?"

அவர் அவளையே பார்த்தார். தட்டவில்லை. கலாவுக்கு உயிர் வந்தது. இல்லை, அவருக்கு வேண்டாம், நான் நினைத்ததுதான் சரி என்று மனசு துள்ளியது. அவர் கையைக் கம்பியிலிருந்து எடுத்து, விரலெல்லாம் நடுங்க அவள் கன்னத்தைத் தொட்டார். பிறகு திரும்பக் கம்பிக்குக் கொண்டுபோனார்.

டங். டங்.

கிருபா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"நவம்பராக்கா?"

சட்டத்துக்குத் தட்டு செல்லாது, கருவி காட்டுகிற பூதான் செல்லும். பைக்குள் எஸ்தர் கையெழுத்துப் போட்ட கடிதம் இருந்தது. அதை அனுப்பினால் எல்லா ஊரிலும் அறையைப் பூட்டிவிடுவார்கள், நவம்பரும் கிடையாது, அப்பா கேட்கிற ஊசி அதற்கப்புறம் எந்த மாசமும் கிடையாது. அனுப்பாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்குச் சூலூரிலிருந்து ஒரு லாப்ரடாரைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் தினமும் நடக்கப் போகிற நாய்தான்.

டங், டங் என்று அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். கேட்கச் சகிக்காமல் கலா அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். பிடிக்குள்ளேயும் அது ரெண்டு ரெண்டாகத் தட்டிக்கொண்டிருந்தது.